குங்குமப்புழு

“இன்னிக்கு எத்தனை மதினி?”

“பதினொண்ணு.”

“பதினொண்ணுதானா? எனக்கு இருபது வந்துச்சு. உன் ஷெட்டுப் புழுவெல்லாம் உன் காலடிச் சத்தம் கேட்டாலே ஊரைக் காலி பண்ணிட்டு ஓடிரும் போல.”

நாலு மணி டீக்கு உட்கார்ந்ததும் ரம்யா கேட்கிற முதல் கேள்வி இதுதான். சுகன்யா புழு டப்பாவைக் கீழே வைத்தாள். இரண்டு கையாலும் பிடரியைப் பிடித்துத் தலையை மெல்லக் கீழே இறக்கினாள். காலை ஏழு மணியிலிருந்து பந்தலை அண்ணாந்து பார்த்த கழுத்து. பதினாறு வருஷமாக அண்ணாந்தே இருந்து, நேராகப் பார்ப்பதுதான் இப்போது அதற்குச் சிரமம்.

“புழு கம்மிதான் ரம்யா. ஆனா இலையும் கம்மியாகுதே.”

“என்னது?”

“இலை. மேக்கு ஓரத்துல பந்தலே ஓட்டை ஓட்டையா இருக்கு. வெயில் நேரா மூஞ்சில விழுது. புழுவையும் காணோம், இலையையும் காணோம்.”

ரம்யா டீயை ஊதினாள். ஆறிப்போன டீயை அவ்வளவு நேரம் ஊத வேண்டியதில்லை. “வேற ஏதாவது நோவா இருக்கும்,” என்றாள் கடைசியில்.

நத்தம் மலையடிவாரத்தில் முப்பத்திரண்டு ஷெட் கொண்ட விதைப் பண்ணை அது. எல்லாவற்றிலும் புடலை. தேனீக்கள் இல்லாமல் போனபிறகு, அந்தியில் விரிகிற புடலைப் பூவுக்கென்று லேபில் ஓர் அந்துப்பூச்சியைச் செய்தார்கள். பூச்சி வேண்டுமென்றால் அதன் புழுவையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். புழுவோ இலையைத் தின்னும். மருந்தடித்தால் புழுவோடு பூச்சியும் போகும். அதனால் புழுவைக் குங்கும நிறத்தில் பிறக்கும்படி செய்துவிட்டார்கள். பச்சை இலையில் குங்குமம் யார் கண்ணுக்குத்தான் தெரியாது? ஆள் விட்டுப் பொறுக்க வேண்டியதுதான். எப்படிப் பொறுக்கினாலும் நூற்றுக்கு ஒன்றிரண்டு தப்பும். அது பூச்சியாகி எல்லாப் பூவுக்கும் போதும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். பொறுக்குவதற்கு இயந்திரக் கை ஒன்றையும் கொண்டுவந்து பார்த்தார்கள். ஒரு புழுவுக்கு மூன்று இலையைக் கிழித்தது. அப்புறம்தான் பெண்களைக் கூப்பிட்டார்கள்.

ஷெட்டுக்குள் கேமராவும் இருந்தது. சிவப்பை மட்டும் எண்ணச் சொல்லி வைத்த கேமரா. அது கொடுக்கிற சுத்தமான ஷெட் பட்டியலில் மாதா மாதம் முதல் இடம் ஆறாம் நம்பர் ஷெட், சுகன்யா.

“சுகன்யாம்மா!” என்று சூப்பர்வைசர் கவின் வேகமாக வந்தான். “நாளைக்கு லேப்ல இருந்து டாக்டர் வர்றாங்க. உங்க ஷெட்டப் பாக்கணுமாம்.”

“என் ஷெட்ட எதுக்குத் தம்பி? நீகூட உள்ள வர முடியாதே, சட்டம் அப்படி இருக்கே.”

“காய் எடை குறைஞ்சு போச்சாம்மா. கேமராவுல புழு ஜீரோ, ஆனா இலை பாதி இல்ல. அதெப்படின்னு கேக்குறாங்க. எனக்கு என்ன தெரியும்? நான் வலைக்கு வெளிய நின்னு குட்மார்னிங் சொல்றவன்.”

அந்தச் சட்டம் சுகன்யாவே கேட்டு வாங்கியதுதான். ஆரம்ப வருஷங்களில் வாரத்துக்கு ஒரு ஷெட் என்று மாற்றிவிட்டுக்கொண்டிருந்தார்கள். திங்கட்கிழமை வருகிறவள், போன வாரம் இருந்தவள் புழுவை விட்டுவிட்டுப் போனாள் என்பாள். அவள் இவளைச் சொல்வாள். ஒருநாள் புழு டப்பாவாலேயே மண்டை உடைந்தது. அப்போது சுகன்யாதான் எல்லாப் பெண்களையும் கூட்டிக்கொண்டு ஒன்பது நாள் மெயின் கேட்டில் உட்கார்ந்தாள். ஒருத்திக்கு ஒரு ஷெட், கதவில் அவள் பெயர், வேறு யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாது. பதினாலு வருஷமாக அப்படித்தான் நடக்கிறது.

*

குவார்ட்டர்ஸ் கதவைத் திறந்ததும் குளிர்ந்த காற்று வந்தது. சுகன்யாவின் வீட்டுக்காரர் தினேஷ் கட்டிலில் சாய்ந்திருந்தார். மூக்கில் குழாய். பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் கொர்கொர் என்று பூனை மாதிரி சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

“ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?”

“நாளைக்கு ஒரு டாக்டரம்மா வருதாம், என் ஷெட்டப் பாக்க.”

தினேஷ் கொஞ்சம் மூச்சைச் சேர்த்துக்கொண்டார். அவருக்கு ஒரு வாக்கியம் என்பது ஒரு மாடிப்படி. “பெரிய ஆளு வர்றாங்கன்னா... அந்த மயில்கழுத்துச் சேலையக் கட்டிட்டுப் போயேன்.”

“எது மயில்கழுத்து? அது கிளிப்பச்சை.”

“அப்படியா?”

“நானும் ரம்யாவும் சேர்ந்து போய் எடுத்தோம். கடைக்காரன் ஏதோ உளறுனான். ரெண்டு பேரும் ஒரே சொல்லா கிளிப்பச்சைதான்னு வாங்கிட்டு வந்தோம். எங்க ரெண்டு பேருக்குமா கண்ணு தெரியல?”

“நீ சொன்னாச் சரி,” என்று தினேஷ் கண்ணை மூடிக்கொண்டார்.

சுகன்யா அடுப்படிக்குப் போனாள். அவருக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியும். பாலைப் பார்த்தால் டீயைப் போல இருக்கத் தொடங்கி ஐந்து வருஷம் ஆகிறது. புரை. விளக்கைச் சுற்றி வட்டம், வெள்ளைச் சுவரில் பழுப்பு. வருஷா வருஷம் நடக்கும் கண் பரிசோதனைக்குக் கறுப்பு எழுத்துப் பலகையை அவள் பாட்டு மாதிரி மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். பலகையை அவர்களும் மாற்றவில்லை.

கண்புரைக்கு அரை மணி நேர வேலை, எல்லா ஊரிலும் செய்கிறார்கள். ஆனால் பண்ணையில், கண்ணில் கத்தி பட்டவளுக்கு ஷெட் கிடையாது. இருபதாம் நம்பர் பத்மப்ரியா நேர்மையாகச் சொல்லிவிட்டுப் போய் ஆபரேஷன் செய்துகொண்டு வந்தாள். வந்து பார்த்தால் கதவில் வேறு பெயர். ஷெட் போனால் குவார்ட்டர்ஸும் போகும். குவார்ட்டர்ஸ் போனால் இந்தக் குளிர்ந்த காற்று போகும். வெளியே சித்திரையில் நாற்பத்தெட்டு டிகிரி. அந்தக் காற்றில் தினேஷின் நெஞ்சு ஒரு வாரம் தாங்கும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். இரண்டு வாரம் என்று சொல்லியிருந்தாலும் அவளுக்கு ஒன்றுதான்.

“சுகன்யா,” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

“என்னங்க?”

“போதும்னு தோணுச்சுன்னா... விட்டுரு. என்னை வச்சு இழுக்காத.”

“பேசாமப் படுங்க. மெஷின்காரன் ஒரு நாளைக்கு இத்தனை வார்த்தைன்னுதான் சொல்லிருக்கான்.”

*

டாக்டர் ஆதிரைக்கு முப்பது வயதுக்குமேல் இருக்காது. முதல் வலைக் கதவு, இரண்டாம் வலைக் கதவு, அதற்குப் பிறகு பந்தலுக்கடியில் வந்து நிமிர்ந்து பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நின்றாள்.

“என்ன தாயி, கழுத்துப் பிடிச்சிருச்சா?”

“அம்மா, இதை யாருமே பாக்கலையா?”

“எதை?”

ஆதிரை அவளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு பந்தலைக் காட்டி, மிக மெதுவாக, “இங்க எத்தனை புழு இருக்கு சொல்லுங்க,” என்றாள்.

இது பரிசோதனை. மனப்பாடம் செய்யாத பலகை. அண்ணாந்து பார்த்தாள். இலை, கொடி, இலை, தொங்குகிற பிஞ்சு, ஓட்டை வழியாக வெயில். “இங்க ஒண்ணும் இல்ல. நேத்தே எடுத்துட்டேன்.”

“கையை நீட்டுங்க.”

ஆதிரை ஓர் இலையைக் கிள்ளி அவள் உள்ளங்கையில் வைத்தாள். வெறும் இலை. பிறகு இரண்டு விரலால் அந்த இலையிலிருந்து எதையோ எடுத்துக் கையின் மறுபக்கம் வைத்தாள். குளிர்ச்சியாக ஏதோ ஊர்ந்தது. சுகன்யா குனிந்து பார்த்தாள். ஒன்றுமில்லாத இடத்திலிருந்து அவள் கை மீது விரல் நீளத்தில் ஒரு புழு முளைத்திருந்தது. ஆதிரை அதைத் திரும்ப எடுத்து இலையில் விட்டாள். புழு இல்லை.

“என்னம்மா வித்தை இது?”

“வித்தை இல்லம்மா. இது நீலப்பச்சை. பந்தல் பூரா இருக்கு, இலைக்கு ரெண்டு மூணு. எனக்குக் கண்ணைப் பறிக்குது. உங்களுக்குத் தெரியல. புரை எத்தனை வருஷமா இருக்கு?”

சுகன்யா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். பொய் சொல்லக்கூடத் தெம்பு வேண்டியிருக்கிறது. “அஞ்சு,” என்றாள்.

ஆதிரையும் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். வெள்ளைக் கோட்டில் மண் ஒட்டியதை அவள் கவனித்த மாதிரி தெரியவில்லை.

“குங்குமமா இருந்த புழு எப்படி நீலமாச்சு? என்னை ஏமாத்தவா சாயம் பூசிக்கிச்சு?”

“அதுக்கு அவ்வளவு புத்தி ஏதும்மா? அது எதையும் செய்யல, நீங்கதான் செஞ்சீங்க. நல்ல சிவப்பா இருந்ததை எல்லாம் முதல்ல எடுத்துட்டீங்க. நூத்துல ஒண்ணு லேசா மங்கலாப் பிறந்திருக்கும், கருஞ்சிவப்பா. அது கண்ணுக்குத் தப்பிருக்கும். அதுதான் பூச்சியாகி முட்டை போட்டுச்சு. அதோட பிள்ளைகள்ல இன்னும் மங்கலா இருந்தது தப்பிச்சுது. இருபது நாளைக்கு ஒரு தலைமுறை. பதினாலு வருஷம், ஒரே ஷெட், ஒரே கண்ணு.”

“அப்படின்னா பச்சையாவே ஆகிருக்கலாமே?”

“பச்சையை லேப்லயே பிடுங்கிட்டாங்க, ஒளிய முடியாதபடி. அதனால சிவப்புலேர்ந்து ஊதா, ஊதாவுலேர்ந்து நீலம்னு சுத்திக்கிட்டு வந்திருக்கு. நீலத்துக்கிட்ட வரும்போது உங்க கண்ணுல புரை விழுந்துச்சு. புரை விழுந்த கண்ணுக்கு நீலமும் பச்சையாத்தான் தெரியும். அதுக்குமேல அது மாற வேண்டிய அவசியமே இல்லாமப் போச்சு.” ஆதிரை பந்தலைப் பார்த்தபடியே சொன்னாள். “நூத்துக்கு ஒண்ணு தப்பும்னு கணக்குப் போட்டாங்கல்ல, அது எந்த ஒண்ணுன்னு ஒருத்தரும் கேக்கல.”

“நான் சரியாப் பொறுக்கலைன்னு ஆகுது.”

“தலைகீழா சொல்றீங்க. காலையில மூணாம் நம்பர் ஷெட்ட வலைக்கு வெளியவே நின்னு பாத்தேன். அங்க இன்னும் குங்குமமாத்தான் இருக்கு.”

“பவித்ரா ஷெட்டா! அவ எங்க பொறுக்குறா? வந்ததும் போனைக் காதுல வச்சா டீக்குத்தான் எடுப்பா.”

“அதான்மா. அவங்க பாதியை அப்படியே விட்டுடறாங்க. சிவப்பும் பொழைக்குது, மங்கலும் பொழைக்குது. எதுக்கு மாறணும்? நீங்க ஒண்ணுகூட விடாமப் பொறுக்குனீங்க. அதனாலதான் உங்களுக்குத் தெரியாதது மட்டும் மிஞ்சிச்சு.”

சுகன்யா சிரித்தாள். சிரிப்பு வந்த வழியிலேயே இருமலாகிவிட்டது. “பதினாலு வருசமா மாசா மாசம் முதல் ஆளு நான். பவித்ராவ எத்தனை தடவ திட்டிருக்கேன். அவள் மாதிரியே இருந்திருந்தா கழுத்தாவது மிஞ்சிருக்கும்.”

ஆதிரையின் மடியில் ரிப்போர்ட் எழுதுகிற பலகை இருந்தது. அதில் ஒரு கட்டம் காலியாக இருந்ததை சுகன்யாவின் கண் பார்த்தது. கறுப்புக் கட்டம், அது தெரிகிறது.

“அதுல என் பேரு வருமா தாயி?”

“காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. ‘பொறுக்குபவரின் பார்வை’ன்னு எழுதிப் பேரைப் போடணும்.”

“வீட்டுல ஒருத்தர் மூச்சுக் குழாயோட இருக்கார். இந்த வளாகத்துக் காத்துலதான் அவர் உசுரு இருக்கு. கெஞ்சல, சொல்றேன். பேரு எழுதுறவங்களுக்கு எந்தப் பேருன்னு தெரியணும்ல.”

ஆதிரை பலகையைக் கவிழ்த்து வைத்தாள். “ஒரு வழி இருக்கு. பக்கத்து ஷெட் அம்மா இங்க வந்து பொறுக்கட்டும். அவங்க கண்ணுக்கு இந்த நீலம் பளிச்சுன்னு தெரியும். நீங்க அங்க போங்க. அங்க புழு வேற மாதிரி இருக்கும், உங்களுக்குத் தெரியும். அப்படி மாத்தி மாத்திப் பொறுக்குனா எந்தப் புழுவும் ஒரே கண்ணுக்குப் பழகாது. எடை ஏறிடுச்சுன்னா யாரும் காரணம் கேக்க மாட்டாங்க.”

“மாத்தி மாத்தி,” என்றாள் சுகன்யா. “அதை ஒழிக்கத்தான் நான் ஒன்பது நாள் வெயில்ல உக்காந்தேன்.”

“நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் எழுதாம இருக்கேன்மா. அதுக்குமேல என் கையில இல்ல.”

*

“முடியாது,” என்றாள் ரம்யா.

“ஒரே ஒரு நாள்டி.”

“ஒரு நாளும் முடியாது, ஒரு நிமிசமும் முடியாது. என் ஷெட்டுக்குள்ள யாரும் வரக் கூடாது. நீதானே மதினி வாங்கிக் குடுத்த? கதவுல என் பேரு இருக்கு.”

“என் கண்ணு போச்சு ரம்யா. புரை. யார்கிட்டயும் சொல்லல. இப்ப உங்கிட்ட சொல்றேன்.”

ரம்யா அவளையே பார்த்தாள். இருபது வருஷப் பழக்கத்தில் எந்தச் செய்திக்கும் உடனே ஒரு கிண்டல் வைத்திருப்பவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வேர்வைதான் என்று சுகன்யா நினைத்தாள்.

“டாக்டர் மாத்திப் பொறுக்கச் சொன்னாளா?”

“ஆமா. நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள.”

“சரி, போ. நாளைக்குக் காலையில.” கொஞ்ச தூரம் போனவள் திரும்பினாள். “உள்ள போயிப் பாத்துட்டு என்னைத் திட்டக் கூடாது.”

“நீ என்ன பவித்ராவா, திட்டுறதுக்கு?”

மறுநாள் காலை சுகன்யா ஏழாம் நம்பருக்குள் போனாள். பதினாலு வருஷத்தில் முதல் முறையாக அடுத்தவள் ஷெட். பந்தல் கட்டு வேறு, கொடி இழுத்துக் கட்டிய முடிச்சு வேறு. ரம்யா குள்ளம் என்பதால் பந்தலே அரை அடி தாழ்ந்திருந்தது. கழுத்துக்கு அது சுகமாக இருந்தது. இரண்டு மணி நேரம் பார்த்தாள். பழைய ரகத்தில் கறுத்த சிவப்பாக நான்கே நான்கு புழு. பரவாயில்லையே, குட்டச்சி சுத்தமாகத்தான் வைத்திருக்கிறாள், என்று நினைத்துக்கொண்டு மேற்கு ஓரத்துக்கு வந்தாள்.

வெயில் நேராக முகத்தில் விழுந்தது.

அந்த இடத்திலேயே நின்றாள். இங்கும் பந்தல் ஓட்டை ஓட்டையாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணை மூடிக்கொண்டு கையை மேலே நீட்டி, ஓர் இலையின் அடியில் உள்ளங்கையை மெல்ல ஓட்டினாள். குளிர்ச்சியாக ஒன்று விரலில் ஏறியது. அடுத்த இலையில் இரண்டு. அதற்கடுத்ததில் ஒன்று. கண்ணைத் திறந்தாள். கையில் நான்கு புழு இருந்தது. பந்தலில் ஒன்றுகூட இல்லை.

நடைபாதைக்கு வந்தபோது ஆறாம் நம்பர் வாசலில் ரம்யா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். டப்பா மடியில்.

“எத்தனை?” என்றாள் சுகன்யா.

“ஆறு. உனக்கு?”

“நாலு.”



“உனக்கு எப்பலேர்ந்து?”

“மூணு வருசம். வலது கண்ணு ரொம்ப மோசம்.”

“எங்கிட்ட சொல்லிருக்கலாம்ல?”

“நீ சொன்னியா?”

சுகன்யா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். உட்காரும்போது முட்டி இரண்டும் சத்தம் போட்டது. ரம்யா திடீரென்று, “மதினி, அப்ப அந்தச் சேலை?” என்றாள்.

“எந்தச் சேலை?”

“கடைக்காரன் மயில்கழுத்து மயில்கழுத்துன்னு தலையால அடிச்சுக்கிட்டானே. நாம ரெண்டு பேரும் சேர்ந்து அவனுக்குக் கண்ணு தெரியலன்னு திட்டிட்டு வந்தோமே!”

இரண்டு பேரும் சிரித்தார்கள். வெகுநேரம் சிரித்தார்கள். வலைக்கு அந்தப் பக்கம் நின்ற கவின் என்னமோ ஏதோ என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். சிரிப்பு நின்றதும் சுகன்யா, “ரம்யா, நாம எல்லாரும் ஒரே வருசத்துல வேலைக்குச் சேந்தவங்க,” என்றாள்.

“ஆமா.”

“எல்லாருக்கும் வயசு ஒண்ணுதான். ஒருத்தி ஷெட்டுக்குள்ள ஒருத்தி போனதில்ல.”

ரம்யாவுக்குப் புரிந்தது. “வேணாம் மதினி. கேக்காத. கேட்டா சொல்ல மாட்டாளுக. நான் உங்கிட்டயே சொல்லல.”

“கண்ணைப் பத்திக் கேட்டாத்தானே சொல்ல மாட்டாளுக,” என்றாள் சுகன்யா.

*

மத்தியானம் ஓய்வு நேரத்தில் வீட்டுக்குப் போய்ச் சேலையைக் கட்டினாள். “யாருக்கு விசேசம்?” என்று தினேஷ் கேட்டார். “மயில்கழுத்து நல்லாருக்கா?” என்று மட்டும் கேட்டாள். அவர் குழாயைச் சரிசெய்வது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். திரும்பி வந்து நாலு மணி வரை ஏழாம் நம்பரிலேயே கையால் தடவித் தடவிப் புழு எடுத்தாள். கண்ணைவிடக் கை மெதுவாகத்தான் பார்க்கும், ஆனால் பொய் சொல்லாது.

டீக்கு எல்லாரும் கூடியிருந்தார்கள். ஆதிரை ஓரத்தில் பலகையோடு நின்றாள். முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு சுகன்யா நடுவில் வந்து நின்றாள்.

“ஏய், ஒரு சின்னப் பஞ்சாயத்து. எனக்கும் ரம்யாவுக்கும் சண்டை. இது என்ன கலரு?”

“பச்சை,” என்றாள் பன்னிரண்டாம் நம்பர் அபிநயா.

“கிளிப்பச்சை.”

“கிளிப்பச்சை இல்ல, வாழையிலைப் பச்சை. இதுக்கா சண்டை போட்டீங்க?”

“பச்சைதான்க்கா. எம்புட்டுக்கு எடுத்தீங்க?”

ஒருத்தி பின்னால் ஒண்டிக்கொண்டு, “என்னை விடுங்க, எனக்குச் சேலையப் பத்தித் தெரியாது,” என்றாள். இன்னொருத்தி முன்னால் பேசியவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஆமா, பச்சை,” என்றாள். சுகன்யா ஒவ்வொருத்தியாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். அவளையும் ரம்யாவையும் சேர்த்து இருபத்தேழு பச்சை ஆயிற்று. ஆதிரையின் முகம் வெளுத்துக்கொண்டே போனதை யாரும் கவனிக்கவில்லை.

பவித்ரா அப்போதுதான் போனைக் காதிலிருந்து எடுத்தாள். “என்னங்கடி, எல்லாரும் பச்சை பச்சைங்கறீங்க? மயில்கழுத்துல்ல அது? அம்சமா இருக்குக்கா.”

எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

“உனக்கு எப்படித் தெரியுது பவித்ரா?” என்றாள் சுகன்யா. குரலை உயர்த்தவில்லை.

பவித்ரா முழித்தாள். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். “போன வருசம் அக்கா மக கல்யாணம்னு மூணு வாரம் போனேன்ல. எனக்கு அக்காவே கிடையாது. ரெண்டு கண்ணுக்கும் ஆபரேஷன் பண்ணிட்டு வந்தேன்.”

அதற்குப் பிறகு யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அபிநயா தன் கண்ணுக்கு நேரே கையை நீட்டிப் பார்த்துக்கொண்டாள். ஒருத்தி அழத் தொடங்கினாள். இன்னொருத்தி, “நான் மட்டும்தான்னு நினைச்சேன்,” என்றாள். அதையே வேறு இரண்டு பேரும் சொன்னார்கள்.

ஆதிரை பக்கத்தில் வந்தாள். “ஒரு பேருதான் எழுதணும்னு இருந்தேன்மா.”

“எல்லாப் பேரையும் எழுது தாயி. முதல்ல என் பேரு.”

“அம்மா, என்ன பேசுறீங்க?” என்று கவின் பதறினான். “பூ விரியுற சீசன். இருபத்தேழு பேரையும் வெளிய அனுப்பிட்டா விதைக்கு எங்க போறது?”

“அதைத்தான் தம்பி நானும் கேக்கப் போறேன். வெளிய அனுப்பாத, ஆஸ்பத்திரிக்கு அனுப்பு. மூணு மூணு பேரா. திரும்பி வர்றப்ப கதவுல அவ பேரு இருக்கணும். பத்மப்ரியா பேரும் இருக்கணும். அதுக்கப்புறம் ஷெட்ட மாத்தி மாத்திப் போடு. இந்தத் தடவ நானே கேக்குறேன்.”

“மேனேஜர் ஒத்துக்கணுமே.”

“ஒத்துக்க மாட்டார்,” என்றாள் ரம்யா. “மறுபடியும் கேட்டுல போயி உக்காரணுமா மதினி?”

“உக்காரணும்.”

“எனக்கு முட்டி மடங்காது.”

“சேர் எடுத்துக்கிட்டு வா.”

சுகன்யா பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒன்பது நாள் உட்கார்ந்தபோது அவளுக்கு நாற்பத்தேழு வயது. இப்போது எத்தனை நாளோ. கேட்டில் வெயில் நாற்பத்தெட்டு. வீட்டில் ஒரு மெஷின் பூனை மாதிரி சத்தம் போடுகிறது. அதை நிறுத்துவதாக இருந்தால் இருபத்தேழு வீட்டுக் குளிர்காற்றையும் சேர்த்து நிறுத்த வேண்டியிருக்கும். அந்த ஒன்றைத்தான் அவள் நம்பியிருந்தாள். அதற்குமேல் நம்பத் தெம்பில்லை.

“டாக்டரம்மா, எல்லாருக்கும் புதுக் கண்ணு வந்துரும்னு வச்சுக்க. புழு என்ன பண்ணும்?”

“இப்ப இருக்கிற நீலமெல்லாம் ஒரு மாசத்துல மாட்டிக்கும். அப்புறம் உங்களுக்கு எது தெரியாதோ, அது மிஞ்சும்.”

“எது தெரியாது?”

“அது மிஞ்சினப்புறம்தான் தெரியும்.”

“அதுவும் சும்மா இருக்காது, நம்மளையும் விடாது,” என்று சுகன்யா முந்தானையை மடியில் சேர்த்துக்கொண்டாள்.

மடிப்புக்குள் ஏதோ குளிர்ச்சியாக அசைந்தது. ஏழாம் நம்பரிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். விரலால் தொட்டு நிதானித்தாள். புழுதான். குனிந்து பார்த்தாள், தெரியவில்லை. அவளுக்குத் தெரியாதது அதிசயமில்லை. ஆதிரை ஓர் அடி தூரத்தில் நின்று அந்த மடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பவித்ரா சேலைக் கரையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். புத்தம் புதுக் கண் அவளுக்கு. இரண்டு பேரும் பார்க்கவில்லை. மயில்கழுத்தின்மேல் மயில்கழுத்து ஊர்ந்துகொண்டிருந்தது.

“என்னம்மா, என்ன பாக்குறீங்க?” என்றாள் ஆதிரை.

சுகன்யா அதன்மீது கையைக் கூடுபோல் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

“ஒண்ணுமில்ல தாயி. நீ எழுது.”